நிறம் ஏறாத தட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் வேரக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வேறு பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியே அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதை வேரக்காவே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பெருமைப்பட அவளுக்குக் காரணம் எதுவும் தேவையில்லை.

மருந்துச் செடிகளின் வேர்களில் ஒவ்வாமையை அடக்கும் சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது எங்கள் வேலை. வேர்கள் மூட்டையில் வரும். அவற்றை மண் போகக் கழுவி, உலர்த்தி, நறுக்கி, அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, பிறகு அந்த ஆல்கஹாலைச் சுழலும் குடுவையில் ஆவியாக ஓட்டிவிட்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பதுவரை அக்காவின் பொறுப்பு. அவள் கை எப்போதும் செம்மண் நிறத்தில் இருக்கும். அரைத்த தூளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது மாவா, ரவையா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அரைப்பாள். வேறு யாராவது அரைத்திருந்தால் திட்டு தன்னோடு நிற்காது.

நான் பக்கத்து அறையில் செல் வளர்ப்பவள். என் வேலையைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை என்பது ஒன்றுமில்லாததற்கு உடம்பு ஊரைக் கூட்டுவது. தூசியோ மகரந்தமோ வந்து தொட்டதும் சில செல்கள் வெடித்து, உள்ளே வைத்திருப்பதையெல்லாம் கொட்டிவிடும். மூக்கு ஒழுகுவதும் தோல் தடிப்பதும் மூச்சு அடைப்பதும் அதனால்தான். அந்த வகைச் செல்களைத்தான் நான் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்க்கிறேன். அவை கொட்டும் சரக்கில் ஒரு நொதியும் இருக்கும். அந்த நொதி பட்டால் நாங்கள் ஊற்றும் திரவம் மஞ்சளாகிவிடும். மஞ்சள் அதிகமென்றால் நிறைய வெடித்திருக்கிறது. மஞ்சள் வரவில்லையென்றால் எதுவும் வெடிக்கவில்லை, அதாவது வேர்ச்சாறு வேலை செய்திருக்கிறது. செல் வெடிப்பதை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை, மஞ்சளைத்தான் பார்க்கிறோம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி மாமா. அக்காவின் புருஷன் என்பதால் எனக்கு அவர் மாமா. ரொட்டி சுடுகிறவர். பெரிய தெருவின் திருப்பத்தில் இருக்கும் ரொட்டிக்கடையில் பத்து வயது தாண்டியதிலிருந்து அடுப்படியிலேயே வளர்ந்து, கடைசியில் அந்த அடுப்புக்கே தலைமை ஆனவர். மாவைப் பிசைந்துவிட்டு ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் இழுத்து, கண்ணாடி மாதிரி மெலிந்ததும் அதன் வழியாக நம் முகத்தைப் பார்ப்பார். "தெரியுறியா? அப்ப மாவு தயார்" என்பார். எப்போது போனாலும் இதே வேடிக்கை. நானும் எப்போது போனாலும் சிரித்திருக்கிறேன்.

அந்த மனிதருக்குக் கோதுமை மாவு ஒத்துக்கொள்ளாமல் போனது. முதலில் தும்மல், பிறகு கண் எரிச்சல், பிறகு இருமல். மாவு மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது எழும் வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போய் இறுக்கிப் பிடித்தது. டாக்டர் பல பொருள்களைச் சொட்டுவிட்டு ஊசி குத்திச் சோதித்தார். கையில் மாவுக்கான இடம் மட்டும் எழும்பி நின்றது. தினமும் இழுக்க ஒரு இன்ஹேலரும் அவசரத்துக்கு ஒன்றும் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் சமாளிக்கத்தான். மாவை விட்டு வெளிய வந்தாத்தான் நிக்கும். தள்ளிப் போட்டா நுரையீரல் பழையபடி திரும்பாது" என்றார்.

அன்று அக்கா ஆய்வுக்கூடத்துக்கு வந்து அரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஊர்ல எத்தனையோ சாமான் இருக்கு. இவருக்குன்னு பாத்து மாவு ஒத்துக்காமப் போச்சு. மீன் ஒத்துக்காமப் போனா என்ன, நான் செய்யற மீனு எப்படியும் நல்லா இருக்காது" என்றாள். சிரித்துவிட்டு அழுதாள்.

மாமாவின் அக்கா, அதாவது வேரக்காவின் நாத்தனார், கெட்டிக்காரி. தம்பிக்காக அங்கே இங்கே அலைந்து பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை ஒன்றைப் பிடித்துவிட்டாள். உட்கார்ந்த வேலை, கண்ணாடிக் கூண்டு, தூசி கிடையாது. மாமாவுக்குப் பிடிக்கவே இல்லை. "கூண்டுக்குள்ள உக்காந்து காகிதத்தைக் கிழிக்கச் சொல்றியா?" என்று நாத்தனாரிடம் சண்டை போட்டார். ஆனாலும் ஒருநாள் மாவு பிசையும்போதே மூச்சு முட்டி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வீட்டுக்கு வந்து, "சரி, அடுத்த மாசத்துலேருந்து போறேன்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அன்றுதான் சாப்பாடு உள்ளே இறங்கியது.

அந்த வாரம்தான் அந்த வேர் வந்தது.

பார்க்க ஒன்றும் இல்லாத வேர். விரல் தடிமன், சாம்பல் தோல், உள்ளே வெள்ளை. அதன் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தோம். மூன்றாவது பகுதி தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. அதை என் செல்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வாமைப் பொருளை ஊற்றி, நிறம் பார்க்கும் திரவத்தையும் சேர்த்து நானும் அக்காவும் தட்டின்மேல் குனிந்து நின்றோம். சாறு கொடுக்காத குழிகள் முட்டைக்கரு போல மஞ்சளாயின. சாறு கொடுத்த குழிகளில் நிறமே ஏறவில்லை. எங்கள் தலைவி டாக்டரம்மா வந்து பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் ஏறவில்லை. இத்தனை வருடத்தில் எந்த வேரும் இப்படி அடக்கியதில்லை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"தட்டுல நடக்குறது வேற, மனுஷ உடம்பு வேற. யாரும் வெளிய போய் தம்பட்டம் அடிக்காதீங்க" என்று டாக்டரம்மா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா தம்பட்டம் அடிக்கவில்லை. ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றாமல், "கொஞ்ச நாள் பொறுங்க. உங்களுக்கு மருந்து கிடைச்சாச்சு. என் கையால அரைச்ச வேருங்க" என்றிருக்கிறாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப அடுப்பை விட வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாள். அந்த வேண்டாம் என்ற சொல்லை அவர் அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாளே நாத்தனாருக்குப் போன் போட்டு டிக்கெட் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாத்தனார் போனிலேயே கத்தினாள். பிறகு அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

எங்கள் கூடத்துக்கு வேர் கொண்டுவரும் ஆளிடமே அக்கா தனியாகக் கேட்டு வாங்கினாள். வீட்டில் நறுக்கிக் காய்ச்சி, மாமா வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் கொடுத்தாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "உன் மீன் குழம்புக்கு இது தேவலாம்" என்பாராம். சில நாளிலேயே நெஞ்சு லேசாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் இருமி அக்கா கேட்கவில்லை. தினமும் இழுக்கும் இன்ஹேலரை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டார். அக்கா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, வேர்தான் இருக்கிறதே.

அந்த நாட்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அரைக்கும்போது பாடுவாள். குரல் சகிக்காது. கதவைச் சாத்திவிட்டு வேலை பார்ப்பேன். கதவுக்கு வெளியே நின்று, "ஏய், மூணாவது பகுதியை வீணாக்காத. அதுலதான் என் புருஷன் இருக்கார்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மாமா நன்றாக இருக்கிறார் என்று அவளே சொல்லும்போது நான் என்னத்தைச் சொல்ல.

எலிகளுக்குக் கொடுக்கும் கட்டம் வந்தது. அதற்கு முன் விட்டுப்போன சோதனை எதுவும் இருக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. விட்டுப்போனது ஒன்று இருந்தது. சாறு பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அந்த நிறமே எங்கள் கணக்கைக் கெடுக்கும். அதனால் நிறமுள்ள சாறுகளுக்கு ஒரு சரிபார்ப்பு செய்வோம். சோப்புத் திரவம் ஊற்றி எல்லாச் செல்லையும் வேண்டுமென்றே உடைத்துவிட்டு, நொதி நிறைந்த அந்தத் தண்ணீரில் சாற்றைக் கலப்போம். அங்கே தடுப்பதற்குச் செல்லே இல்லை. ஆகவே முழு மஞ்சள் வந்தே ஆக வேண்டும். வந்தால் சாறு அளவையைக் குழப்பவில்லை என்று அர்த்தம். தண்ணீர் போலத் தெளிந்த சாற்றுக்கு இதைச் செய்யும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. நிறமே இல்லாதது நிறத்தை எப்படிக் கெடுக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டரம்மா உட்பட.

அக்கா தானே செய்கிறேன் என்றாள். சும்மா ஒரு சடங்குக்குத்தானே என்று பேசிக்கொண்டே ஊற்றினாள். நாங்கள் தட்டைப் பார்த்தபடி நின்றோம். சாறு கலக்காத குழிகள் மஞ்சளாயின. சாறு கலந்த குழிகளில் நிறம் ஏறவில்லை.

"ஊத்த மறந்துட்டேன் போல" என்று அக்கா மறுபடி செய்தாள். ஏறவில்லை. புதுத் தட்டு எடுத்தாள், புதுத் திரவம் கலக்கினாள். ஏறவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

டாக்டரம்மா வந்து நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"செல் வெடிக்கிறதை இந்த வேர் தடுக்கவே இல்லை. வெடிச்சு வெளிய வந்த நொதியைத்தான் வேலை செய்யவிடாமப் பண்ணுது. திருடன் பாட்டுக்கு வந்து போயிருக்கான். இது நாயோட வாயைக் கட்டியிருக்கு. குரைக்கலையேன்னு நாம நிம்மதியா இருந்திருக்கோம்."

"அப்ப அலர்ஜிக்கு?"

"ஒண்ணும் இல்லைம்மா. தப்பு என்னோடதுதான், முதல் நாளே இதைச் செய்யச் சொல்லியிருக்கணும்."

"ஆனா அவருக்குக் கேக்குதே. அவர் இருமறதே இல்லை" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. எழுந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரொட்டிக்கடையின் முன்பக்கம் வழக்கம்போல் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டிகள், வரிசையில் ஆட்கள். நாங்கள் பக்கவாட்டுச் சந்து வழியாக அடுப்படிக்குள் நுழைந்தோம். அடுப்புக்கு முன்னால் மாமாவோடு வேலை செய்யும் தடித்த மனிதர் மட்டும் நீளக் கட்டையால் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை நழுவவிட்டார்.

"எங்கே?" என்றாள்.

அவர் மாவு அறையைக் காட்டினார். "உள்ளதான் இருக்கார். இப்ப சரியாகிடும்கா. தினமும் இப்படி ஆகி, கொஞ்ச நேரத்துல எழுந்து வந்துடுவார். வீட்டுல சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

மாவு அறையில் மாமா கவிழ்த்த ரொட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முட்டியில் ஊன்றியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலடியில் ரொட்டி வார்க்கும் தகர அச்சு ஒன்று. அது நிறைய காலி இன்ஹேலர்கள், அவசரத்துக்கு இழுக்கும் அந்த வகை. கையிலும் ஒன்று இருந்தது. அவர் அதை அழுத்தினார், அதிலிருந்து காற்றுதான் வந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்த நிலையிலும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பேச முடியவில்லை. ஒரு சொல் சொல்ல வாயைத் திறந்தார், அரைச் சொல்கூட வரவில்லை. அக்கா அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தடித்த மனிதர் ரொட்டி வண்டியின் பின்கதவைத் திறந்து, அடுக்கியிருந்த தட்டுகளையெல்லாம் தெருவில் தள்ளினார். சூடான ரொட்டிகள் சாக்கடை ஓரம் உருண்டன. மாமாவின் கண் ஒரு நொடி அவற்றின் பின்னால் போனது. வண்டிக்குள் அக்கா அவரைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டு, "இருமுங்க, என்னங்க, இருமிடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு இருமவும் மூச்சு போதவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டினார்கள், ஊசி போட்டார்கள், பிறகு உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்கா கையுறையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அதைக் கழற்றிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உயிர் தப்பியது. அதற்குமேல் நல்ல செய்தி எதுவும் இல்லை. தினமும் இழுக்க வேண்டியதை விட்டுவிட்டு அவசரத்துக்கானதையே ஊதித் தள்ளிக்கொண்டு மாவுக்குள்ளேயே நின்றிருக்கிறார், மூச்சுக் குழாய்கள் தடித்துப்போய்விட்டன, இனி கொஞ்சம்தான் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். மாடிப்படி கூடாது, பாரம் கூடாது. டிக்கெட் கூண்டு வேலைகூட இந்த உடம்பால் முழு நாள் பார்க்க முடியாது.

மாமாவுக்குப் பேச்சு வந்த அன்று நானும் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன், அக்கா உட்கார் என்று கண்ணால் சொன்னாள்.

"அந்த வேர்ல ஒண்ணுமே இல்லைங்க" என்றாள். "நாங்க தப்பா பாத்துட்டோம்."

"தெரியும்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "குடிச்ச கொஞ்ச நாள்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னீங்க? ஏன் என் முன்னாடி இருமலை அடக்கினீங்க?"

"நீ பாட்டெல்லாம் பாடிட்டு இருந்த."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அப்ப எல்லாம் எனக்காகவா?" என்றாள்.

மாமா பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் உனக்காக. மிச்சம் அடுப்புக்காக. வேர் வேலை செய்யலைன்னு சொல்லிட்டா, அடுப்பை விட்டு வந்துடணுமே."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நகக்கண்களில் இன்னும் மாவு இருந்தது. அவள் ஈரத்துணி எடுத்து ஒவ்வொரு நகமாகத் துடைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது எங்கள் கூடத்தில் எந்தச் சாறு வந்தாலும், தெளிந்ததோ கலங்கியதோ, அந்தச் சரிபார்ப்பைத்தான் முதலில் செய்கிறோம். மற்றபடி வேலை அதே வேலைதான். மூட்டைகள் வருகின்றன, அக்கா கழுவுகிறாள், அரைக்கிறாள். பாடுவதில்லை. அந்தக் குரலைக் கேட்காமல் இருப்பதற்குக் கதவைச் சாத்தியவள் நான். இப்போது கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

மாமா வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அக்காவுக்குத்தான் ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீடு அமைதியாக இருந்தால் அவளுக்குக் கை கால் ஓடுவதில்லை. சமைத்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து அவர் முகத்தைப் பார்ப்பாளாம். வேலையிலிருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மதியம் நாங்கள் சாப்பாட்டைப் பிரிக்கும் முன் போனை எடுத்துக்கொண்டு உலர்த்தும் அறைக்குள் போய்விடுவாள். கதவு சரியாகச் சாத்தாது, ஆகவே எல்லாம் என் காதில் விழும்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? மாத்திரை? சரி." கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருமுங்க" என்பாள்.

அவர் மாட்டேன் என்பார் போலிருக்கிறது.

"எனக்குக் கேக்கணும். அடக்காம இருமுங்க."

அவர் இருமுவார். போனைத் தாண்டி, கதவைத் தாண்டி, சாப்பாட்டு மேசைவரை அந்த இருமல் வரும். வறண்ட, இழுத்து இழுத்து வரும் இருமல். அது முடியும்வரை அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேர்கள் பரப்பிய தட்டுகளுக்கு நடுவில் நிற்பாள். பிறகு, "சரி, வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்து எங்களோடு சாப்பிட உட்காருவாள்.